யாரைக் கேட்டீங்க?

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் கம்பெனியின் பொது முகாமையாளர் அவர்களே, மகளை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அழகுமுத்து ஐயா அவர்களே, வட்டகொடையிலிருந்தும் வட்டவளையிலிருந்தும் இந்தக் கொட்டகலை மண்டபத்துக்கு வந்திருக்கும் தோட்டத்து உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். நிதானமாகப் பேச என்னால் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருஷாந்தி! முப்பத்தெட்டு வயது! வெள்ளிக்கிழமை மாலை "திங்கக்கிழம பாப்போம் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனவர், ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் போய்விட்டார் என்றால் யார்தான் நம்புவது?

நான் யோகேஸ்வரன், கம்பெனியின் கணினிப் பிரிவுத் தலைவர். நாலு வருடத்துக்கு முன் தொழில் பகுப்பாய்வுப் பிரிவு ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டபோது முதலில் எதிர்த்தவன் நான்தான். புதிய மெஷினோ புதிய முறையோ வருவதற்கு முன், அந்த வேலை உண்மையில் எப்படி நடக்கிறது, செய்கிறவர்களுக்கு என்ன தேவை என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுவதுதான் அந்தப் பிரிவின் வேலை. "இதுக்கு ஒரு பிரிவா? நமக்குத் தெரியாத தோட்டமா?" என்று சிரித்தேன். ஸ்டோர் அறையில் ஒரு மேசை கொடுத்தோம். கோபித்துக்கொண்டாரா? இல்லை. உட்கார்ந்து ஒரு படிவம் தயாரித்தார். அதன் முதல் வரி: "யாரைக் கேட்டீங்க?" அந்த வரி காலியாக இருந்தால் படிவம் அடுத்த மேசைக்குப் போகாது.

அந்தச் சமயம் தேயிலைக் கொழுந்து நிறுக்க நான் ஒரு புதிய முறை செய்திருந்தேன். பகல் பன்னிரண்டரைக்கு மெஷின் தானாகப் பூட்டிக்கொள்ளும். பிந்தி வந்தால் காலையில் எடுத்த கொழுந்து பதிவாகாது. முதல் வரியில் ஆறு பேரை எழுதினேன். ஆறு பேரும் ஆபீஸ்காரர்கள். கிருஷாந்தி குடையை எடுத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனார். மூன்று நாள் மழையில் நின்றார்! நாலாம் நாள், இதோ இங்கே உட்கார்ந்திருக்கும், கொழுந்து பறிக்கும் மீனம்மாவை ஆபீசுக்கே கூட்டி வந்துவிட்டார்.

"கைப்புள்ளக்காரிங்க மலையிலிருந்து நேரா மடுவத்துக்கு வரமாட்டோங்க சேர். புள்ளக் காம்பராவுக்குப் போயி பால் குடுத்துட்டுத்தான் நிறுக்க வருவோம். மெஷினுக்கு அது தெரியுமாங்க?" என்று மீனம்மா கேட்டார்.

மெஷினுக்குத் தெரியாது. எனக்குமா தெரியாது? தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் அதே தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பால் குடித்து வளர்ந்தவன் அல்லவா நான்! என் அம்மாவும் அப்படித்தானே ஓடி ஓடி வந்திருப்பார்! எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அன்றே அந்தப் பூட்டை எடுத்தேன். அதற்குப் பிறகு எங்கள் பதினொரு தோட்டங்களிலும் அந்தப் படிவம் இல்லாமல் எதையும் மாற்றியதில்லை.

இப்போது என்னை உட்காரவிடாத விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு இயக்குநர் கூட்டம். கிருஷாந்தி இல்லை, ஆகவே பிரிவை மூடிவிடலாம் என்று எழுதி என் கையெழுத்துக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. அவர் செய்த அதே படிவம்! இதோ, என் சட்டைப் பையில் இருக்கிறது. முதல் வரியில் யாருடைய பெயரும் இல்லை. பொது முகாமையாளர் அவர்களே, நீங்கள் கோபித்தாலும் சரி, இந்த மேடையிலேயே கேட்கிறேன். யாரைக் கேட்டீங்க?

கிருஷாந்தி, உங்கள் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்கிறேன். அந்த வரி காலியாக இருக்கும்வரை நான் கையெழுத்துப் போடமாட்டேன். மலர் தூவி முடிந்ததும் யாரும் போய்விடாதீர்கள், உறவுகளே. பேனாவோடு வாசலில் நிற்பேன். ஒவ்வொருவரையும் கேட்பேன்.

எதற்கு அதுவரை காத்திருக்க வேண்டும்? மீனம்மா, எழுந்திரிங்க. இந்தப் பிரிவு வேணுமா, வேணாமா? சொல்லுங்க, எழுதுறேன்.