எழுபத்தொன்றாம் படி

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் முனைவர் ஹரிதாஸ் அவர்களே, துணைவியார் கேத்லீன் அம்மையாரை இழந்த துயரிலும் மலையேறி எங்கள் தோட்டத்து மண்டபத்திற்கு வந்திருக்கும் திரு. டெஸ்மண்ட் ஐயா அவர்களே, காலைப் பெரட்டில் எங்களை வரிசையில் நிறுத்திப் பெயர் அழைத்து முழங்கும் குரலை இன்று அடக்கி அமர்ந்திருக்கும் கங்காணி இருளப்பன் அண்ணன் அவர்களே, ரிங்லெட்டிலிருந்தும் கம்போங் ராஜாவிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் பெருமக்களே, சேறு காயாத காலணிகளோடு பின்வரிசையில் நிற்கும் மாணவச் செல்வங்களே! தேயிலைக் கொழுந்து பறிக்கும் கைகளைக் கூப்பித் திலகமாகிய நான் உங்களை வணங்குகிறேன்.

விரிவுரையாளர் முனைவர் கேத்லீன் அம்மையார் மறைந்து இன்றோடு இருபத்தொரு நாள். வயது ஐம்பத்து நான்கு. நின்றுபோகும் வயதா அந்த இதயத்திற்கு? அழுது முடித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் அழுவதற்காக நான் இந்த ஒலிவாங்கியைப் பிடிக்கவில்லை. இன்று காலை ஒன்று நடந்தது! அதைச் சொல்லவே வந்தேன்.

அம்மையார் கட்டுமானப் பாடம் நடத்தியவர். மாணவர்கள் தாளில் படிக்கட்டு வரைவார்கள், மதிப்பெண் பெறுவார்கள், மறந்துபோவார்கள். "அந்தப் படியில் ஏறியவர் யார்?" என்று தம்மையே கேட்டுக்கொண்டார் அம்மையார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் பணிவழிக் கற்றல்! பாடத்தின் ஒரு பகுதியாகவே மாணவர்கள் மக்களிடம் வர வேண்டும், தேவையைக் கேட்க வேண்டும், கட்ட வேண்டும், கற்றதை எழுத வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் முதல் குழுவோடு அவர் இங்கே வந்து இறங்கியபோது ஒரு மாணவி என்னிடம், "சேவை செய்ய வந்திருக்கோம் ஆன்ட்டி" என்றாள். அம்மையார் சட்டென்று திரும்பினார். "சேவை செய்ய வரலைம்மா. படிக்க வந்திருக்கோம். பதிலுக்கு ஏதாவது கட்டிக் கொடுத்துட்டுப் போவோம்" என்றார்.

அத்தோடு நின்றாரா? மதிப்பெண்ணில் சரிபாதியைத் தோட்டத்து மக்களே வழங்க வேண்டும் என்றார்! ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டு, பிறகு யாருடைய துணையுமின்றித் தமிழைத் தேடித் தேடிக் கற்ற எனக்கு ஒரு கடிதம் வந்தது. "மதிப்பீட்டாளர் திருமதி திலகம் நாகரத்தினம் அவர்களுக்கு" என்று தொடங்கியது. அந்த முதல் வரியை எத்தனை முறை படித்தேன் என்று என் கணவரைக் கேளுங்கள்.

நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. நாங்கள் குடியிருக்கும் மேல் லைன் வீடுகளிலிருந்து லோரி நிற்கும் சாலை வரைக்கும் சறுக்கு மண்பாதை. கொழுந்து மூட்டையோடு நாங்களும், புத்தகப் பையோடு பிள்ளைகளும் மழையில் விழாத நாளில்லை. படி வேண்டும் என்றோம். அளந்தார்கள், வரைந்தார்கள், பதினெட்டுப் படிகளைக் கட்டியும் முடித்தார்கள். பார்க்க எவ்வளவு அழகு! நூல் பிடித்தாற்போல் நேர்த்தி!

ஆனால், நாங்கள் யாரும் அதில் நடக்கவில்லை.

பக்கத்துச் சேற்றிலேயே இறங்கினோம். விமலன் என்ற மாணவர் என்னிடம் ஓடி வந்தார். "ஏன் ஆன்ட்டி, படி கட்டிக் கொடுத்தும் சேத்துலயே எறங்குறீங்க?"

"தம்பி, இது கையை வீசிக்கிட்டு வர்றவனுக்குக் கட்டுன படிலா. எங்க முதுகைக் கேட்டியா?"

"முதுகைக் கேக்குறதா? படில கால்தானே ஆன்ட்டி நடக்கும்?"

"ஓ! அப்ப நீ மூட்டையைத் தூக்கு. உன் கால் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

மழைக்காலணி மாட்டி, முதுகில் ஈரக் கொழுந்து மூட்டையை ஏற்றினோம். மூன்றாம் படியில் விமலன் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை! மூட்டை முன்னே தள்ளும்போது பாதம் முழுதும் பதிய வேண்டும். அந்தப் படியிலோ பாதி பாதம்தான் பதிந்தது. மூட்டையை இறக்காமலே சாய்த்து இளைப்பாற வழியில் ஒரு திண்டும் இல்லை. கங்காணி அண்ணன் மேலேயிருந்து கத்தினார்: "எஞ்சினியரு குந்திட்டாருடோய்! லோரியை மேல கொண்டாரச் சொல்லு!"

எல்லாரும் சிரித்தோம். அம்மையார் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "திலகம் அக்கா, நானும் லைன்ல பொறந்தவதான். எங்கம்மா முதுகுல மூட்டையைப் பாத்துத்தான் வளந்தேன். வரைபடத்துல கையெழுத்துப் போட்டதே நான். எனக்கே மறந்துபோச்சே அக்கா!"

அவையோரே, எத்தனை படித்தவர்கள் இப்படிச் சொல்வார்கள்? மாணவர்கள் முன்னிலையில், தோட்டத்து மக்கள் முன்னிலையில், "பிழை என்னுடையது" என்று எத்தனை பேர் சொல்வார்கள்? நான் அந்தக் குழுவுக்கு ஐம்பதுக்குப் பன்னிரண்டு கொடுத்தேன். "கொஞ்சம் பாத்துப் போடக்கூடாதா ஆன்ட்டி?" என்று விமலன் கெஞ்சினார். "எனக்கும் பன்னிரண்டுதான்" என்று அம்மையார் அவர் வாயை அடைத்தார். பதினெட்டுப் படிகளும் உடைக்கப்பட்டன. அன்றே ஒரு விதியும் எழுதப்பட்டது: மூட்டை சுமந்து இறங்காத எவரும் ஒரு படிக்குக்கூட ஒப்புதல் அளிக்கலாகாது!

அதன்பின் எழுந்தவை எழுபது படிகள். அகலமான படிகள். பத்துப் படிக்கு ஒரு திண்டு. அவற்றில் இதுவரை ஒரு பிள்ளை சறுக்கியதில்லை! இன்னும் நாற்பத்திரண்டு படிகள் மீதமிருந்த நிலையில்தான் அம்மையார் போய்விட்டார்.

சென்ற வாரம் கல்லூரியிலிருந்து அறிவிப்பு வந்தது. நடத்த ஆளில்லாததால் இப்பருவ மாணவர்கள் பணிக்குப் பதிலாக எழுத்துத் தேர்வு எழுதலாமாம். இப்பாடத்தைத் தொடர்வதா கைவிடுவதா என்பது பின்னர் முடிவு செய்யப்படுமாம். முதல்வர் அவர்களே, தங்களைக் குறை கூறவில்லை. தேர்வு எழுதுவது எளிது; மாணவர்கள் அதையே பற்றிக்கொள்வார்கள் என்றுதான் நானும் எண்ணினேன்.

இன்று காலை நான் எண்ணியது பொய்த்தது!

எங்கள் பெரட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு வராதவரின் பெயரையும் கங்காணி அழைப்பார். அவருக்குரிய தேயிலைச் செடி நிரையை யார் பறிக்கப்போகிறாரோ, அவர் குரல் கொடுப்பார். குரல் வராவிட்டால் அந்த நிரை அன்று அப்படியே நிற்கும். இன்று எல்லாப் பெயரையும் அழைத்து முடித்த இருளப்பன் அண்ணன் சற்றே தயங்கினார். பிறகு அடித்தொண்டையிலிருந்து அழைத்தார்: "கேத்லீன்!"

யார் குரல் கொடுப்பது?

"நாங்க எடுக்குறோம்!"

திரும்பிப் பார்த்தால் பத்தொன்பது மாணவர்கள்! இருட்டோடு வேன் பிடித்து ஈப்போவில் உள்ள கல்லூரியிலிருந்து வந்திருக்கிறார்கள். யார் அனுப்பினார்கள்? எவரும் அனுப்பவில்லை. மதிப்பெண் உண்டா? இல்லை! அவர்களுக்கு முன்னால், அன்று மூட்டையோடு குந்திய அதே விமலன். இன்று அக்கல்லூரியில் துணை விரிவுரையாளர். "ஆன்ட்டி, காலேஜ் அனுமதி குடுத்தா பாடத்தை நான் நடத்துறேன். குடுக்காட்டியும் சிமென்ட்டை வீணாக்க முடியாதுலா" என்றார். கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாய் வர, எங்கள் பெண்கள் மண் சுமந்தார்கள். கூட்டம் தொடங்குவதற்குள் எழுபத்தொன்றாம் படி வார்த்தாயிற்று!

கேத்லீன் அம்மையாரே! தாங்கள் தொடங்கிய படி சாலையைத் தொடும் வரை எங்கள் கைகள் ஓயா. வரும் மாணவர் எவராயினும் அவர் முதுகில் மூட்டை ஏறும். மதிப்பீட்டாளர் திலகத்தின் மதிப்பெண்ணிலும் இரக்கம் இருக்காது. இது எங்கள் உறுதிமொழி.

முதல்வர் அவர்களே, பாடத்தைத் தொடர்வதா என்ற முடிவு தங்கள் கையில் இருக்கிறது. ஒப்புதல் அளிப்போருக்கு அம்மையார் எழுதிவைத்த விதியும் இருக்கிறது. புதிய படி காய மூன்று நாளாகும். வியாழக்கிழமை காலை அதில் முதலில் கால்வைக்க வேண்டியவர் தாங்களே. மழைக்காலணி தங்கள் அளவில் எடுத்து வைத்துவிட்டோம்.

மூட்டையை நானே தூக்கி ஏற்றிவிடுகிறேன்.