களம் ரெண்டு மடங்கு, தார்ப்பாய் நாலு

"களத்தை ரெண்டு மடங்குதானே பெருசாக்குனேன், தார்ப்பாய் எதுக்கு நாலு?"

சேலத்தில் வாங்கிய புதுத் தார்ப்பாயை மடியில் வைத்துக்கொண்டு, ஏற்காடு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரர் மனைவியிடம் கேட்டார். ஏற்காடு பக்கம் கொட்டச்சேடு கிராமத்தில் காப்பி காயப்போடும் களமாம்.

"ஏனுங்க, நீளத்தையும் ரெண்டு மடங்கு இழுத்தீங்க, அகலத்தையும் ரெண்டு மடங்கு இழுத்தீங்க. பழைய களம் நாலு அதுக்குள்ள அடங்குதுங்க."

"ஊட்ல ஒண்ணு கெடக்குது, இது ஒண்ணு. ரெண்டுக்கு ரெண்டு சரியாப்போச்சு."

அந்த அம்மா அவர் தோளிலிருந்த துண்டை உருவி, நீளவாக்கில் ஒரு மடிப்பு, அகலவாக்கில் ஒரு மடிப்பு மடித்தார்.

"இது பழைய களம்." உதறி விரித்தார். "இது நீங்க போட்ட களம். மடிப்பு தெரியுதுங்களா? எண்ணுங்க."

அவர் எண்ணினார். நாலு கட்டம்தான். மறுபடியும் எண்ணினார்.

"சரி, நாலுதான். பாதி மூடுனாப் பத்தாதா? பனிக்காலத்துல மழை எங்க வரப்போகுது?"

"களம் முழுக்க காப்பி காயுதுங்க."

அடுத்த கொண்டை ஊசி வளைவில் தூறல் விழுந்தது. எல்லோரும் ஜன்னலைச் சாத்தினோம். அந்த அம்மா துண்டை அவர் மடியில் போட்டார்.

"மூடுற பாதியில மட்டும் பெய்யச் சொல்லுங்க."