பவுடர் ஒட்டாத கட்டில்

— மறுபடியும் உதிருது பாரு. பெயிண்ட் பவுடர் வித்தவன் நம்ம தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டான்.

— பவுடர் மேல பழி போடாதண்ணே. நேத்து இதே பவுடரை ஜன்னல் கம்பிக்கு அடிச்சோம், கும்முனு பிடிச்சுது.

— அப்போ பவுடர் துப்பாக்கியில கோளாறு. ஆஸ்பத்திரிக்காரர் வர்ற நேரம். இந்த ஒரு கட்டில் அவருக்குப் பிடிச்சாத்தான் குழந்தைங்க வார்டு முழுக்க நமக்கு.

— கட்டிலைத் தொட்டப்ப உனக்குச் சுளீர்னு அடிச்சுதே?

— அடிச்சுது. அதுக்கென்ன இப்போ?

— எர்த் சரியா இருந்தா அடிக்காதுண்ணே. துப்பாக்கியிலேர்ந்து பவுடர் சுமந்துட்டு வர்ற மின்சாரம் இறங்க வழியில்லாம கட்டில்லயே தங்கிடுது. அப்புறம் பின்னால வர்ற பவுடரை அதுவே நெட்டித் தள்ளுது.

— எனக்கே எர்த் பாடமா? ஒயரை நான்தான் மேல் கம்பியில முறுக்கினேன். இழுத்துப் பாரு, அசையாது.

— ஒயர் சரி. கட்டில் தொங்குற கொக்கியைப் பாரு. ஒவ்வொரு தடவையும் மாட்டின சாமானோட சேர்ந்து அதுவும் ஓவன்ல வெந்து, தோல் மாதிரி பெயிண்ட் ஏறியிருக்கு. இரும்பும் இரும்பும் எங்க தொடுது?

— அட போடி. கட்டில் கால்ல பெயிண்ட் படாம மாட்டின மூடி ரப்பர்தானே? அதுக்கு ஏது எர்த்து? அதுலயும் ஒட்டியிருக்கே.

— ஊதிப் பாரு.

— போயிடுச்சு.

— ரப்பர்ல மின்சாரம் ஓடாது. பவுடர் பக்கத்துல வந்தா, உள்ள இருக்கிற மின்சாரம் இருந்த இடத்துலயே லேசா திரும்பி நிக்கும், அவ்வளவுதான். இரும்புல ஓடும். வழி விட்டா, எதிர் மின்சாரம் தரையிலேர்ந்து ஓடிவந்து பவுடரை இழுத்துப் பிடிச்சுக்கும். அந்த வழியைத்தான் நம்ம கொக்கி அடைச்சுட்டு நிக்குது.

— கொக்கி தேய்க்கிறதெல்லாம் ஒரு வேலையா? நான் துப்பாக்கி பிடிக்கிறவன்.

— தெரியுமே. மாட்டுறது, இறக்குறது, கூட்டுறது எல்லாம் நான். துப்பாக்கியை நான் ஆசைக்குத் தொட்டாக்கூட உனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். சரி, தேய்ச்சு ஒட்டிடுச்சுன்னா?

— ஒட்டட்டும், பாக்கலாம். வாயை மூடிட்டு அந்த அரத்தை எடு.

— இந்தா. நல்லா அழுத்தித் தேய்க்கணும்.

— இரும்பு பளிச்சுனு தெரியுது. மாட்டலாமா?

— மாட்டு.

— ஏய், பின்பக்கம்கூடச் சுத்திப் போய் ஒட்டுது பாரு!

— பாத்துட்டுத்தான் இருக்கேன். தள்ளி நில்லு.

— வாங்க சார், உள்ள வாங்க. ஓவன்லேர்ந்து இறக்கிக் கொஞ்ச நேரம்தான் ஆச்சு. சூடா இருக்கும், பாத்துத் தொடுங்க.

— மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீரா இருக்கே. குழந்தைங்க பிடிச்சுக்கிட்டு எழுந்து நிக்கிற கம்பி, இப்படித்தான் வழவழன்னு வேணும். உங்க கைன்னா சும்மாவா? எல்லாக் கட்டிலும் உங்களுக்குத்தான். ஆனா ஒரு நிபந்தனை. அத்தனையையும் இதே கைதான் அடிக்கணும், வேற யார்கிட்டயும் விடக்கூடாது.

— அதை என்கிட்ட கேட்டா எப்படி சார்? இன்னைக்கு நான் கொக்கி தேய்ச்சேன். துப்பாக்கி பிடிச்சவங்க அதோ நிக்கிறாங்க, என் தங்கச்சி. அவங்ககிட்ட கேளுங்க.