நானூத்திப் பன்னெண்டு செட் ஸ்பூன்

— தொப்பியக் கழட்டேன்டி டோரீன்! வீட்டுக்குள்ள எதுக்கு அது?

— கழட்ட மாட்டேன் மம்மி. இது கம்பெனி தொப்பி. கணேசமூர்த்தி சார் போட்டாரு. கரெக்ட்டா போட்டாரு.

— கேட்டீங்களா மிஸ்? கணேசமூர்த்தி சாராம்! ஒரே நாள்ல எப்படிப் பேசறா பாருங்க. உக்காருங்க சங்கமித்ரா மிஸ், ஏன் வாசல்லயே நிக்கறீங்க? உங்களுக்குன்னே ரோஸ் குக்கீஸ் சுட்டு வச்சிருக்கேன்.

— இருக்கட்டும் மேரி அக்கா. நான் ஒரு விஷயம் சொல்லணும்.

— நீங்க அப்புறம் சொல்லுங்க, மொதல்ல நான் கேட்டுக்கறேன். காலையில ஒம்பது மணிக்கு இவள அந்த ப்ளேன் சாப்பாட்டுக் கம்பெனி கேட்டுக்குள்ள உங்ககூட வுட்டுட்டு வந்ததுலேர்ந்து எனக்கு ஒண்ணும் ஓடல. சோத்துல ரெண்டு வாட்டி உப்பு போட்டுட்டேன். இருபத்திரண்டு வயசுல எம்பொண்ணு மொத நாள் வேலைக்குப் போயிருக்கா மிஸ்! எத்தினி செட் சுத்துனா?

— நானூத்திப் பன்னெண்டு.

— நானூறா! ஏசுவே! உங்க ஸ்பெஷல் ஸ்கூல்ல எல்லாரும் சேந்தே நாள் பூரா நூறுதானே சுத்துவாங்க?

— நூறுதான். இன்னிக்கு இவ ஒருத்தியே நானூத்திப் பன்னெண்டு. பெரிய ஸ்பூன், சின்ன ஸ்பூன், ஃபோர்க், மூணையும் டிஷ்யூல வச்சு சுத்தி, மேல பேப்பர் வளையம் மாட்டி… ப்ளேன்ல சாப்பாட்டோட எப்படி குடுப்பாங்களோ அப்படியே. ஒண்ணுல கூட தப்பு இல்ல.

— பக்கத்துல சின்னத்தாயி அக்கா மம்மி. அவங்க முன்னூத்தி எம்பதுதான். நான்தான் ஜாஸ்தி.

— என் தங்கமே! வா இங்க, ஒரு முத்தம் குடு. இருங்க மிஸ், ஒரே நிமிஷம், மேல் வீட்டு ஜகதாம்பாள் மாமிகிட்ட சொல்லிட்டு ஓடி வந்துடறேன்.

— அக்கா, வேணாம். இப்ப யார்கிட்டயும் சொல்லாதீங்க.

— ஏன் மிஸ்? என்னா மூஞ்சி இது? கலாட்டா ஏதாச்சும் ஆயிடுச்சா?

— மூணரைக்கு வேலை முடிஞ்சு மத்தவங்க கிளம்பிட்டாங்க. அவ பேர்ல வேலை லெட்டர் ரெடி பண்ணணும்னு நானும் கணேசமூர்த்தி சாரும் ஆபீஸ் ரூமுக்குப் போனோம். சூப்பர்வைசர் அவரே, ‘இந்த மாதிரி பொண்ணு கிடைக்கணுமே மேடம்’ன்னாரு. எனக்குத் தலைகால் புரியல. முக்கா மணி நேரம் கழிச்சு திரும்பி வந்து பாத்தா, அவ மேஜை மேல ஒரு செட் கூட இல்ல.

— யாரு எடுத்துட்டுப் போனாங்க?

— யாரும் எடுக்கல. டோரீன் பிரிச்சுட்டா. நானூத்திப் பன்னெண்டையும் பிரிச்சு, ஸ்பூன ஸ்பூனோட, ஃபோர்க்க ஃபோர்க்கோட அந்தந்த டப்பாவுல போட்டு, டிஷ்யூவ நீவி நீவி அடுக்கி வச்சிருக்கா.

— வளையம் ஒண்ணு கூட கிழியல மம்மி. கரெக்ட்டா உருவுனேன்.

— அடிப்பாவி! ஏன்டி? ஏன்டி அப்படிப் பண்ணின? நல்லாத்தானே செஞ்சுகிட்டு இருந்த?

— அவளத் திட்டாதீங்க அக்கா. சாயங்கால ப்ளேனுக்குப் போக வேண்டியது. அடுத்த ஷிப்ட்டு ஆளுங்க எட்டு பேரு உக்காந்து அவசர அவசரமா சுத்தறாங்க. கணேசமூர்த்தி சார் கத்தல, அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. ‘மேலிடத்துல பேசிட்டு ஆறு மணிக்கு போன் பண்றேன், நாளைக்கு வரணுமா வேணாமான்னு சொல்றேன்’னாரு. இப்ப அஞ்சே முக்கா.

— போச்சு. எல்லாம் போச்சு. எம்பொண்ணுக்கு அவ்வளவுதான் புத்தின்னு நெனச்சிருப்பாரு.

— தப்பு அவளது இல்ல அக்கா. என்னது.

— நீங்கதான் ஆபீஸ் ரூம்ல இருந்தீங்களே?

— இன்னிக்கு இல்ல, ரெண்டு வருஷமா. கொஞ்சம் பொறுமையா கேளுங்க. ஸ்கூல்ல நம்மகிட்ட இருக்கறது பழைய ஸ்பூன், மொத்தமே நூறு செட். பழகறதுக்குன்னு கேட்டு வாங்கி வந்தது. பகல்ல டோரீன், வெங்கி, மத்த பசங்க எல்லாம் மாத்தி மாத்தி சுத்துவாங்க. எல்லாரும் வேன்ல போனதும் நான் உக்காந்து பிரிப்பேன். மறுநாள் காலையில அதையே எடுத்து முன்னாடி வைப்பேன்.

— அதையேவா?

— அதையேதான்.

— அப்ப ப்ளேனுக்குப் போனது?

— ஒண்ணும் போகல அக்கா.

— மிஸ்! நான் விவேக் நகர் பூரா சொல்லி வச்சிருக்கேன்! மொட்டை மாடியில துணி காயப் போடறப்ப தலைக்கு மேல ப்ளேன் போனா, ‘எம்பொண்ணு சுத்துன ஸ்பூன் போவுது பாருங்க’ன்னு மாமியக் கூப்பிட்டுக் காட்டுவேன். வியாழக்கிழமை கோயில்ல நொவேனா ஜெபத்துக்கு வர்ற டெஸ்மண்டுக்கு, அவரு பொண்டாட்டிக்கு, எல்லாருக்கும் தெரியும். பேரண்ட்ஸ் டேல உங்க வாயாலயே கேட்டேனே, இதெல்லாம் ப்ளேனுக்கா மிஸ்ன்னு?

— கேட்டீங்க. நான் சிரிச்சேன். அவ்வளவு சந்தோஷமா கேட்டீங்க, இல்லன்னு சொல்ல வாய் வரல.

— நல்லா சிரிச்சீங்க போங்க. தாயும் மகளும் பைத்தியக்காரங்கன்னு நெனச்சீங்களா?

— இல்ல அக்கா, சத்தியமா இல்ல. பதினெட்டு வயசு தாண்டியும் மணி கோக்கவே வச்சுகிட்டு இருக்காங்களே, நிஜ வேலைக்குப் பழக்கணும்னு நான்தான் சண்டை போட்டு ஆரம்பிச்சேன். சுத்தறது சொல்லிக் குடுத்தேன். நேரத்துக்கு வரணும், கையுறை போடணும், பெரியவங்களுக்கு வணக்கம் சொல்லணும், எல்லாம் சொல்லிக் குடுத்தேன். செஞ்ச வேலை செஞ்சபடியே இருக்கும்னு மட்டும் சொல்லிக் குடுக்கல. ஆனா ஒண்ணு புரியல. நான் பிரிக்கறது இவளுக்கு எப்படித் தெரியும்? இவ போனப்புறம்தானே…

— தெரியும்.

— என்னாடி தெரியும்?

— கழுத்து வளைஞ்ச ஸ்பூன் மம்மி. நேத்து சுத்துவேன். இன்னிக்கும் அதே வரும். நாளைக்கும் அதே வரும். ஒரு நாள் மழை. வேன் லேட்டு. ஜன்னல் வழியா பாத்தேன். மிஸ் ஒண்டியா பிரிச்சாங்க.

— எப்ப டோரீன்? எந்த மழை?

— ரொம்ப முன்ன. நான் ஸ்கூலுக்குப் புதுசு.

— அப்போலேர்ந்தே தெரியுமா? ஏன் ஒரு வார்த்தை கூட சொல்லல?

— நீங்க கேக்கல மிஸ்.

— ஏசுவே, போன்! மணி ஆறு கூட ஆவலயே! நீங்க எடுங்க மிஸ், நான் எடுக்கல.

— ஹலோ… ஆமா சார், சங்கமித்ராதான்… சொல்லுங்க சார்… அவகிட்டயேவா? சார், அவ பயந்துடுவா, நானே விளக்கமா… சரி சார். சரி. டோரீன், சார் உன்கிட்டதான் பேசணுமாம்.

— குடுங்க. ஹலோ. டோரீன் பேசறேன். வணக்கம் சார்… ஆமா சார், நான்தான் பிரிச்சேன்.

— மன்னிப்பு கேளுடி! மொதல்ல மன்னிப்பு கேளு!

— மம்மி, சும்மா இருங்க, ஆபீஸ் போன்… ஏன்னா சார், எல்லாம் சுத்தியாச்சு. டப்பா காலி. நீங்களும் இல்ல, மிஸ்ஸும் இல்ல. பிரிக்கறதுக்கு யாருமே இல்ல. பிரிக்கலன்னா நாளைக்கு வேலை இருக்காதே சார்.

— மிஸ்… இவ என்னா சொல்றா?

— இருங்க அக்கா. பேசட்டும்.

— எங்க டாடி கோலார்ல மைன்ஸ்ல இருந்தாரு சார். தங்கம் எடுத்தாரு. எல்லாரும் எடுத்துகிட்டே இருந்தாங்க. யாரும் திரும்ப வெக்கல. தீந்துபோச்சு. மைன்ஸ மூடிட்டாங்க. டாடி வீட்ல உக்காந்து சுவத்தையே பாத்தாரு. எனக்கு நாளைக்கும் வரணும் சார். நாளான்னிக்கும் வரணும். அதான் பிரிச்சேன்.

— ஐயோ, பாப்பா…

— அழாதீங்க அக்கா, அவளுக்குப் போன்ல பேசறது கேக்காது.

— நான் அழறனா? நீங்கதான் அழறீங்க! என்னாடி சொல்றாரு?

— மூக்க உறிஞ்சறாரு மம்மி… ஆங், சொல்லுங்க சார். வேற ஸ்பூனா? தினமும் கழுவி வருமா? எத்தினி?… மூவாயிரமா! நாளைக்கும் ப்ளேன் போவுமா? ஞாயித்துக்கிழமை? கிறிஸ்மஸ் அன்னிக்குக் கூடவா?… அப்ப நான் பிரிக்கவே வேணாமா?… சரி சார். ஒம்பது மணி. கரெக்ட்டா. தொப்பி இருக்குது சார், கழட்டவே இல்ல. வெச்சுடறேன்.

— சொல்லுடி! என் உசுர வாங்காம சொல்லு!

— மம்மி! தினமும் ப்ளேன் போவுதாம்! கிறிஸ்மஸுக்குக் கூட போவுதாம்! சுத்தச் சுத்தத் தீராதாம் மம்மி, தங்கம் மாதிரி இல்லயாம்! நாளைக்கு ஒம்பது மணிக்கு நான் போவணும்!

— மாதாவே! என் கண்ணு! நான் திட்டுனத மனசுல வெக்காதடி. உங்க டாடி வாட்ச்மேன் டூட்டிலேர்ந்து வரட்டும், அவருகிட்ட நீயே உன் வாயால சொல்லு. மிஸ், நீங்களும் மனசுல வெக்காதீங்க. ஏன் இன்னும் அழறீங்க? இந்தாங்க, ஒரு குக்கீஸாச்சும் எடுங்க. நல்ல சேதி வந்துடுச்சே!

— சந்தோஷம்தான் அக்கா. ரொம்ப சந்தோஷம். இவ போறா. நாளைக்குக் காலையில வெங்கி முன்னாடி அந்த நூறு செட்ட நான் மறுபடி எடுத்து வைக்கணும், அத நெனச்சேன்.

— வெக்காதீங்க மிஸ். அவன் சுத்துறதயும் பிரிக்காதீங்க. நாளைக்கு வேலை முடிஞ்சதும் நானே கணேசமூர்த்தி சார்கிட்ட பேசறேன், ப்ளேன் ஸ்பூன்ல கொஞ்சம் ஸ்கூலுக்கும் அனுப்பச் சொல்லி. உங்களுக்குத்தான் கேக்கத் தெரியல.