உள்ளே இருப்பது முதலில் ஓடும்

இந்த நாற்காலி பரவாயில்லை. எங்கள் அலுவலக நாற்காலியில் பதினெட்டு வருடம் உட்கார்ந்ததில் என் முதுகு ஒருவழியாகிவிட்டது. ஒரு மருந்துக் கிடங்குக்கு ஏபாப் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதுவது என் வேலை. ஆறு வரி வேலையை, ஒரு கட்டளைக்குள் இன்னொரு கட்டளையாக அடுக்கி, ஒரே வரியில் முடிப்பேன். ‘ஒற்றை வரி’ என்றே எனக்குப் பட்டப்பெயர்.

போன வருடம் எங்களுக்கு டீம் லீடாக ஒருத்தி வந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். எல்லோரும் இருந்த கூட்டத்தில் என் வரியைத் திரையில் போட்டு, “அண்ணா, இது புரோகிராமா, வெங்காயமா? உரிக்க உரிக்கக் கண்ணுதான் எரியுது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் வரியை அவள் பிரித்து எழுதினாள்: முதலில் பெட்டியைச் சோதி, பிறகு அனுப்பு. நன்றாகத்தான் ஓடியது. பிறகு மேலிடம் சுருக்கச் சொன்னதும் அவசரத்தில் அவளே ஒரே வரியாக்கினாள். ‘சோதி’, அதன் அடைப்புக்குறிக்குள் ‘அனுப்பு’. படிக்கும்போது சரியாகத் தோன்றும். ஆனால் உள்ளே இருப்பதுதான் முதலில் ஓடும், சட்டைக்கு முன்னால் பனியன் போடுவது போல. பெட்டி வெளியே போன பிறகுதான் சோதனை. அடைப்புக்குறிக்குள் ஒரு இடைவெளி விட்டுப்போனால்கூட ஏபாப் கத்தி ஊரைக் கூட்டும். இந்தத் தப்புக்கு வாயே திறக்காது.

அந்த வரி சரிபார்க்க என்னிடம் வந்தது. பார்த்ததுமே புரிந்தது. ‘சரி’ என்று அழுத்தினேன்.

கெட்டுப்போனதென்று தடுத்துவைத்திருந்த ஊசி மருந்து நாற்பது பெட்டி அந்த வாரமே கிளம்பியது. சோதனை அறிக்கை தினமும் என் மேசைக்குத்தான் வரும். அந்த நாற்பதும் அதில் இருந்தன. மடித்து இழுப்பறையில் வைத்தேன். ஒரு பெட்டி திரும்பி வந்து அவள் மானம் போனால் போதும் என்றுதான் இருந்தேன்.

ஒன்பதாம் நாள் அவள் என் மேசைக்கு வந்தாள்.

“அம்மாவ ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம் அண்ணா. நல்லவேளை, நம்ம கிடங்கு மருந்துதான் போடுறாங்க.”

எந்த ஊசி என்று கேட்டேன். சொன்னாள். இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

“கவலைப்படாதீங்க” என்றேன்.

ஏழு பேர் இறந்தார்கள். அவள் அம்மா நான்காவது. தன் வரிதான் கொன்றது என்று தெரிந்ததும் அவள் அலுவலகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. நான்தான் தண்ணீர் கொடுத்து, தோளைத் தட்டி ஆறுதல் சொன்னேன். அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.