தாளில் முதல் பெயர்

லட்சம் பேர் சேர்ந்து நடக்கும் கிரிவலப் பாதையில் வழி தவறிய ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மலை வலது கைப்பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. டீ குடிக்க ஒரு சந்துக்குள் ஒதுங்கினேன். வெளியே வந்தபோது மலை இடது பக்கம் இருந்தது. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று அரை மணி நேரம் எதிர்த்திசையில் நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஏதோ கடுமையான வேண்டுதல் போலிருக்கிறது என்று மரியாதையாக வழிவிட்டார்கள்.

ஆதிமூலம் ஐயா, நீங்கள் சுகாதாரத் துறையிலிருந்து வந்து என் சகலை மாறனுக்கு வந்த காய்ச்சலைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் என் திசையறிவைப் பற்றிப் பேசுவது உங்களுக்கு விளையாட்டாகத் தெரியலாம். விளையாட்டில்தான் எல்லாம் தொடங்கியது.

என் பெயர் பரசுராமன். வேங்கிக்காலில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், பக்கத்து வீட்டுக்காரன் மேல் புகார், எந்த மனுவானாலும் பத்து நிமிடத்தில் அடித்துத் தருவேன். மாறன், என் மனைவி அன்புச்செல்வியின் தங்கை உண்ணாமுலையின் கணவர். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். என்னைவிட ஆறு வயது சின்னவர், நான்கு அங்குலம் உயரம். கீழ்பென்னாத்தூரில் மாமனார் வீட்டுக்குப் போனால், மோட்டார் ஓடவில்லை, சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிடு. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது, சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிடு. பெரிய மாப்பிள்ளையான என்னைச் சாப்பிடத்தான் கூப்பிடுவார்கள். அதையும் கடைசியில்.

ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டு. உலகம் முழுக்க யார் யாரோ சின்ன டப்பாக்களை ஒளித்து வைக்கிறார்கள். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அதற்கென்றே உள்ள போன் செயலியில் போடுகிறார்கள். நாம் ஜிபிஎஸ் காட்டும் வழியில் போய்த் தேடி, டப்பாவுக்குள் இருக்கும் தாளில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு, டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். எடுத்து வர ஒன்றும் கிடையாது.

"அப்ப இன்னாத்துக்குப் போறீங்க?" என்று கேட்டாள் அன்புச்செல்வி.

மாறன்தான் அதைக் கண்டுபிடித்து என்னையும் இழுத்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறுபாலத்தின் அடியில் சிவப்புத் துணி மூட்டை ஒன்றைப் பிரித்தேன். உள்ளே எலுமிச்சம்பழம், ஆணி, காய்ந்த மிளகாய். யாரோ யாருக்கோ வைத்த சூனியம். நான் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"சகலை, சகலை, அதுல பேர் எழுதிடாதீங்க. அது வேற டிபார்ட்மென்ட்" என்று மாறன் பாலத்தின் மேலிருந்து கத்தினார்.

அடுத்த வாரம் என் முழங்காலுக்குப் பின்னால் புதிதாக ஒரு மரு முளைத்தது. மரு வந்தால் யோகம் என்று மூன்று நாள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்புச்செல்வி கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். "ஏங்க, மருவுக்கு எங்கியாச்சும் கால் இருக்குமா?" மாட்டின் காதில் தொங்குமே, அந்த உண்ணி. என் ரத்தத்தைக் குடித்து ஆமணக்கு விதை அளவுக்கு ஊதியிருந்தது.

மூன்று மாதத்தில் மாறன் கண்டுபிடித்தது இருபத்தாறு. நான் நான்கு. அந்த நான்கிலும் அவர் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் இடப்பக்கம் பாருங்களேன்" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

கார்த்திகை மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை செயலியில் புது டப்பா ஒன்று வந்தது. அடி அண்ணாமலைக்கு அப்பால் ஏரிக்கரைப் பக்கம். ஆசிரமத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் வைத்தது. புது டப்பாவில் முதலில் பெயர் எழுதுகிறவருக்குச் செயலியில் தனி மதிப்பு. நான் வாழ்க்கையில் எதிலும் முதலாக வந்ததில்லை. பிரசவத்தில்கூட இரட்டையரில் இரண்டாவதாகத்தான் வந்தேன். இது ஒன்றாவது என் பெயரில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை கடையை விட முடியவில்லை. ஞாயிறு காலை தனியாகப் போனேன். குறிப்பைத் தமிழில் போட்டிருந்தார் அந்த வெள்ளைக்காரர்: "உண்ணிக்குப் பின்னால் பார்." உண்ணிக்குப் பின்னால் எப்படிப் பார்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு மணி நேரம் புதரைச் சுற்றி வந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் வெகு நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவசரம்னா அந்தாண்ட போங்க சார். இங்க பொம்பளைங்க வர்ற வழி."

குறிப்பை அவரிடம் படித்துக் காட்டினேன். பொன்னி என்று பெயர் சொன்னார். என்னை நகரத்துப் பைத்தியம் என்று முடிவு செய்துகொண்டு விளக்கினார்.

"தோ நிக்கிறீங்களே, இந்தச் செடிதான் உண்ணி. இதுக்குள்ள கீற பூச்சியும் உண்ணி. ஜாஸ்தி உள்ள போவாதீங்க, ரெண்டும் ஒட்டிக்கும்."

உண்ணிச் செடிக்குள் கைவிட்டேன். சட்டையும் கிழிந்தது, தோலும் கிழிந்தது. ஒரு கல்லுக்கு அடியில் டப்பா கிடைத்தது. திறந்தேன். தாளின் முதல் வரியில் மாறனின் அழகான கையெழுத்து.

"மாறன். சனி, காலை 6.40. சகலை, அடுத்த பேர் உங்களுதுதான்னு தெரியும். உண்ணி ஜாஸ்தி, வீட்டுக்குப் போனதும் சுடுதண்ணில குளிச்சிடுங்க."

அந்த அக்கறைதான் எனக்குப் பொறுக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். டப்பாவில் இன்னொரு வெற்றுத்தாள் இருந்தது. அதன் முதல் வரியில் என் பெயரை எழுதிப் படம் பிடித்துச் செயலியில் ஏற்றினேன். மாறன் தான் கண்டுபிடித்தவற்றையெல்லாம் ஞாயிறு இரவு மொத்தமாகத்தான் ஏற்றுவார் என்பது எனக்குத் தெரியும். மாலைக்குள் அன்புச்செல்வி அந்தப் படத்தைக் கீழ்பென்னாத்தூருக்கு அனுப்பிவிட்டாள். மாமனார் அவரே போன் செய்தார். "பெரிய மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான்." கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் முதல் தடவை.

இரவு மாறன் கூப்பிட்டார்.

"சகலை, தாள்ல என் பேர் இல்லியா?"

"இல்லியே."

"நேத்து எழுதினேனே. எலி கிலி இழுத்துட்டுப் போயிருக்குமா? சரி விடுங்க, பரீட்சை முடியட்டும், ரெண்டு பேரும் போய்ப் பார்த்துடலாம்." அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வேறு இடத்திலிருந்து.

பத்தாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. தலை பிளந்தது. கிளினிக்கில் டாக்டர் என் அரைஞாண் கயிற்றை விலக்கிப் பார்த்தார். அடியில் பீடியால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு.

"புதர்ப்பக்கம் போனீங்களா?"

"போனேன் சார்."

"உண்ணிக் காய்ச்சல். பேர்தான் உண்ணி, கடிச்சது கண்ணுக்கே தெரியாத பூச்சி. நீங்க சொன்னதால தப்பிச்சீங்க. சொல்லலைன்னா டெங்குன்னு பார்த்துட்டு இருப்போம்." ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்தார். உண்ணி என்றால் அன்புச்செல்வி இனிமேல் புதர்ப்பக்கம் விடமாட்டாள் என்று வீட்டில் வெறும் காய்ச்சல் என்றே சொன்னேன். இரண்டாம் நாள் இட்லி சாப்பிட்டேன். மூன்றாம் நாள் கடைக்குப் போனேன்.

அன்றைக்குத்தான் உண்ணாமுலை போன் செய்தாள். மாறனுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், வீட்டிலேயே மாத்திரை போட்டுப் பார்த்திருக்கிறார்கள், இப்போது ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, பேச்சு குழறுகிறது. நானும் அன்புச்செல்வியும் ஓடினோம்.

டாக்டர் எங்களை நிற்க வைத்துக் கேட்டார். "வெளியூர் போனாரா? காடு, புதர்னு எங்கயாவது போனாரா?"

உண்ணாமுலைக்குத் தெரியாது. அவள் இந்த விளையாட்டைக் குப்பை பொறுக்குவது என்பாள். அதனால் அவர் காலை நடை என்று சொல்லிவிட்டுத்தான் போவார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சனிக்கிழமை ஏரிக்கரைக்குப் போனார் என்று நான் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை போன நான் எப்படி முதல் ஆள் என்று அன்புச்செல்வி அங்கேயே கேட்பாள். அவள் அப்படிப்பட்டவள். கணக்கில் கெட்டி.

"இல்லைங்க சார். பள்ளிக்கூடம், வீடு, அவ்வளவுதான்" என்றேன்.

இதைப் பொய் என்று சொல்லலாம். ஆனால் டாக்டர் படித்தவர். நான் மனு அடிக்கிறவன். ஒரு டைப்பிஸ்ட்டின் பேச்சை நம்பியா வைத்தியம் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பிற்பகல் மாத்திரை நேரம் வந்தது. வராந்தாவில் குடிநீர்க் குழாயடியில் நின்று என் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அட்டையில் இன்னும் எட்டு இருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலருகே நின்றேன். மாறனின் கட்டிலுக்கும் என் சட்டைப் பைக்கும் நடுவே ஒரு முழம் தூரம் இருக்கும்.

நர்ஸ் துணி மாற்றும்போது நான் கைகொடுத்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இருந்தது, அதே இடத்தில், கயிற்றின் அடியில். கயிற்றைச் சரியாக இழுத்து அதன்மேல் வைத்தேன். போர்வையையும் இழுத்து மூடினேன். குளிருமே என்றுதான்.

மறுநாள் காலை அவருக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. டாக்டர் குனிந்து, "என்ன பண்ணுது மாறன்?" என்றார்.

"உண்ணி..." என்றார் மாறன். என்னைப் பார்த்தார். "உண்ணி... சகலை... உண்ணி..."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றார்?"

மனு அடிக்கிறவனுக்கு மக்கள் பாதி வார்த்தையில் சொல்வதை முழுதாக அடித்துப் பழக்கம்.

"சம்சாரத்தைக் கூப்பிடுறார் சார். பேரு உண்ணாமுலை."

கதவோரம் நின்ற உண்ணாமுலை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் தலையசைத்து, அவளைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டுப் போனார். மாறன் இன்னும் இரண்டு முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் அவள், "இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்றாள். அதற்கு மறுநாள் விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

வெளியூருக்கு அனுப்பிய ரத்தப் பரிசோதனை முடிவு அதற்குப் பிறகு வந்திருக்கிறது. உங்கள் கையில் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். உண்ணாமுலைக்கு அது இன்னும் தெரியாது. எந்த இடத்தில் கடித்தது என்று தெரிந்தால் அங்கே மருந்தடிக்கலாம், ஆடு மேய்க்கிறவர்களுக்குச் சொல்லலாம் என்கிறீர்கள். நியாயமான பேச்சு. அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மாறன் எழுதிய தாளை நான்தான் எடுத்தேன். காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். மருந்து என் பையில் இருந்தது. கேட்டபோது இல்லையென்றேன். அவர் வாய்திறந்து சொன்னபோது அதையும் மாற்றிச் சொன்னேன்.

ஆனால் பதினாறாம் நாள் காரியத்தில் உண்ணாமுலை என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். "பன்னெண்டு வருஷத்துல என்னை ஒரு நாளும் செல்லமா கூப்பிட்டதில்ல மாமா. 'ஏய்', 'இந்தா', அவ்வளவுதான். கடைசில உண்ணி உண்ணின்னு கூப்பிட்டுட்டே போனாரு. அது போதும் எனக்கு." இப்போது அவள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறாள்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஏரிக்கரை என்று உங்கள் அறிக்கையில் எழுதினால் நாளைக்கே ஊருக்குத் தெரியும், உண்ணிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். ஆகையால் இடம் தெரியவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். எனக்காகக் கேட்கவில்லை ஐயா. அந்தப் பெண்ணை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.