பெரட்டில் பதில் வராத பெயர்

மேடையின் நடுவே வீற்றிருக்கும் தலைவர், நம் ரப்பர்த் தோட்டத்தில் பேர்ப்பதிவும் கணக்கும் பார்க்கும் கிராணி இராஜமாணிக்கம் ஐயா அவர்களே! ரந்தா ஊரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருக்கும் கடைக்காரர் மீரா சாஹிப் அவர்களே! பால் வெட்டிக் காய்த்த கைகளோடு வந்தமர்ந்திருக்கும் பெரியோர்களே! கோணிச்சாக்கை உடுத்திய காலத்திலும் குடும்ப மானத்தைக் குறையாமல் காத்த என் தாய்மார்களே! உங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியனின் வணக்கம்.

சப்பான்காரன் போனான். பள்ளி திறந்தது. பலகை வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், பாடப் புத்தகம் மட்டும் வரவில்லை. பழைய புத்தகங்களை அவன் காலத்திலேயே அடுப்பில் போட்டாயிற்று. அப்படியானால் வரலாற்றை எதை வைத்து நடத்துவது? வரும்போது வரட்டும் என்று கைகட்டி உட்காருவதா?

நம் மயிலம்மாள் டீச்சர் உட்காரவில்லை. மேசைமேல் ஒரு கோணிச்சட்டையை வைத்தார். பக்கத்தில் ஒரு மரவள்ளிக்கிழங்கை வைத்தார். இதை ஏன் உடுத்தினோம், இதை ஏன் தின்றோம், அரிசி எங்கே போயிற்று என்று கேட்டார். பிள்ளைகள் வீட்டில் விசாரித்து வந்து முந்திக்கொண்டு சொன்னார்கள்.

பிறகு, விடியலில் நம்மை வரிசையாய் நிறுத்திப் பேர் கூப்பிடுகிறார்களே, அந்தப் பெரட்டை வகுப்பிலே நடத்தினார். சயாமில் ரயில் பாதை போடச் சப்பான்காரன் லாரியில் ஏற்றிப்போன நம் ஆட்களின் பேரைக் கூப்பிட்டார்கள். கிராணியாக நின்ற பிள்ளை ‘சன்னாசி’ என்றது. பதில் இல்லை. கேட்டுப் பழகிய பழக்கத்தில், ‘ஆள் இல்லை, பேரை வெட்டு’ என்றது. சன்னாசியின் மகள் லெட்சுமி அங்கேதான் இருந்தாள். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினாள்.

மறுநாள் அவள் தாய், பஞ்சாலை என்று பேர்கொண்ட நம் அக்கா, பள்ளி வாசலுக்கு வந்தார். கழுத்துத் தாலியைக் கையில் பிடித்தபடி கேட்டார்: “வாத்தியாரம்மா, எம் புருசன் பேர வெட்டச் சொல்ல இந்தப் புள்ளைங்க யாரு? அவரு செத்தத யாரு பாத்தா?”

அன்றைக்கே இந்தப் பாடத்தை நிறுத்தச் சொல்லித் தலைவர் ஆள் அனுப்பினார். முடிவு சொல்லத்தான் இன்று கூடியிருக்கிறோம். நிறுத்தலாமா? என்ன அங்கே முணுமுணுப்பு? பின்வரிசையில் இருந்து சொன்னால் போதாது, அண்ணே, முன்னால் வந்து சொல்லுங்கள்.

டீச்சர் நிறுத்தவில்லை, திருத்தினார்! ‘யார் பார்த்தது?’ என்று அந்தத் தாயின் கேள்வியையே பலகையில் எழுதினார். சயாமிலிருந்து திரும்பிய ஆறுமுகத்தை அழைத்து வந்து வகுப்பில் உட்கார வைத்தார். ஆற்றோரம் கட்டை தூக்கும்போது சன்னாசியைப் பார்த்தேன், அப்புறம் எனக்குக் காய்ச்சல், எழுந்து பார்த்தால் அவர் கொட்டகை காலி, எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாது என்றார் ஆறுமுகம். தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிள்ளைகள் பிரித்தார்கள். வரலாறு என்பது வேறென்ன? இப்போது அந்த வகுப்பில் யார் பேரும் வெட்டப்படுவதில்லை. சன்னாசி என்றால் லெட்சுமி எழுந்து, ‘தேடுறோம்’ என்கிறாள்.

தலைவர் அவர்களே, உங்கள் மனம் எனக்குத் தெரியும். அன்று லாரியில் ஏற்ற அந்தப் பேர்களைக் கூப்பிட்ட குரல் உங்கள் குரல். உங்கள் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி நின்றதை நாங்களும் பார்த்தோம். பிள்ளைகள் உங்களிடம் கேட்டு வந்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறீர்கள். வரட்டும் ஐயா! கேட்கட்டும்! நீங்கள் சொல்லாவிட்டால் யார் சொல்வது? நாளை புத்தகம் வரும். அதில் தளபதிகள் இருப்பார்கள், சன்னாசி இருப்பாரா? பாலம் இருக்கும், பாதை இருக்கும், பாதை போட்ட கைகள் இருக்குமா? நாம் வைத்தால்தான் இருக்கும்!

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று கூப்பிட்ட அதே குரலில் அந்தப் பேரை இப்போது ஒருமுறை கூப்பிடுங்கள்.

கேட்டீர்களா சபையோரே? தலைவர் எழுந்து ‘சன்னாசி’ என்றார். பஞ்சாலை அக்கா எழுந்து, ‘தேடுறோம் ஐயா’ என்றார்.

உட்காருங்கள் ஐயா, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை மணியடித்ததும் வகுப்புக்கு வாருங்கள், உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம். பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. பாடம் நடக்கும். வணக்கம்.